பனிக்குடநீரில் எதை அளப்பது?

பிரசவ வார்டின் கதவைப் பாதி திறந்து, "குழந்தை உள்ளேயே மோஷன் போயிருச்சு" என்று செவிலியர் சொல்லிவிட்டால் போதும்; வெளியே காத்திருக்கும் குடும்பத்தின் காதில் அதற்குப் பிறகு வேறெதுவும் ஏறாது. ஓசூரில் என்றால் அடுத்த கேள்வி தயாராகவே இருக்கும்: பெங்களூருக்குக் கொண்டுபோய்விடலாமா? அஞ்செட்டி, தளிப் பக்கத்து மலைக்கிராமங்களிலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது. இங்கே வந்து சேர்ந்ததே அவர்களுக்குப் பெரிய பயணம். ஆனால் எல்லோரும் கேட்பது ஒன்று உண்டு: "எவ்வளவு போயிருக்கு?" நியாயமான கேள்விதான். கர்ப்ப காலம் முழுக்க ரத்த அழுத்தத்தை அளக்கிறோம், சர்க்கரையை அளக்கிறோம், ஹீமோகுளோபினை அளக்கிறோம். பனிக்குடநீரில் கலந்துவிட்ட மலத்தை மட்டும் ஏன் இன்னும் கண்ணால் பார்த்து, கெட்டி என்றும் நீர்த்தது என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? மருத்துவ உலகம் இதற்கு அறுபது ஆண்டுகளாக முயன்று பார்த்திருக்கிறது. அந்த முயற்சிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அளக்க முடியாமல் அந்த வழி கைவிடப்படவில்லை, அளந்தும் பெரிய பயன் கிடைக்காததால்தான் கைவிடப்பட்டது என்று தெரிகிறது. அளக்க வேண்டியவை வேறு. அவற்றில் ஒன்று, கர்நாடக எல்லையை ஒட்டிய இந்தத் தொழிற்பகுதியில் மிக எளிதாகத் தவறிப்போகக் கூடியது.

முதலில் அந்தப் பொருளைப் பற்றி. காட்டுப்பீ என்று பாட்டிமார் சொல்லும் இந்த முதல் மலம், கருவுக்கு மூன்று, நான்கு மாதம் ஆகும்போதே குடலில் சேரத் தொடங்கிவிடுகிறது. குழந்தை விழுங்கிய பனிக்குடநீர், குடலின் உட்புறத்திலிருந்து உதிர்ந்த செல்கள், உடம்பின் மென்முடி, தோலை மூடியிருக்கும் வெண்மெழுகு, சளி, பித்தநீர் எல்லாம் சேர்ந்த பிசுபிசுப்பான கலவை அது. எடையில் 70 முதல் 80 சதவீதம் வரை தண்ணீர்தான். கரும்பச்சை நிறம் பித்தநிறமிகள் கொடுப்பது. பால் குடித்துச் செரித்த மலம் இல்லை என்பதால் நாற்றம் இருக்காது. பெரும்பாலான குழந்தைகள் பிறந்து ஒன்றிரண்டு நாளுக்குள் இதைக் கழித்துவிடுகின்றன. நூற்றுக்குப் பத்துப் பதினைந்து குழந்தைகள் பிறப்பதற்கு முன்பே கழித்துவிடுகின்றன. இந்தச் சராசரிக்குள் ஒளிந்திருக்கும் ஏற்றத்தாழ்வுதான் கவனிக்க வேண்டியது. லண்டனில் ஏறக்குறைய 5 லட்சம் பிரசவங்களின் பதிவுகளை வைத்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், குறைமாதப் பிரசவங்களில் சுமார் 5 சதவீதமும், நிறைமாதத்தில் சுமார் 16 சதவீதமும், 42 வாரம் தாண்டியவற்றில் சுமார் 27 சதவீதமும் பச்சை படிந்த பனிக்குடநீருடன் நடந்திருந்தன.

இந்த ஏறுவரிசையை நின்று யோசிக்க வேண்டும். மூச்சுத்திணறலும் ஆபத்தும்தான் குழந்தையை மலம் கழிக்க வைக்கின்றன என்றால், மிகவும் நலிந்து பிறக்கும் குறைமாதக் குழந்தைகளிடம் இது அதிகம் காணப்பட்டிருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. குடலை அசைய வைக்கும் மோட்டிலின் என்ற ஹார்மோனும், குடலுக்குச் செல்லும் நரம்புகளின் முதிர்ச்சியும் மாதம் நிறைய நிறையக் கூடுகின்றன. குடல் பழுத்த குழந்தை தன் வேலையை ஒரு நாள் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்தாலும் குடல் நெளியும், ஆசனவாய்த் தசை தளரும் என்பதும் உண்மையே. ஆக, இரண்டு வெவ்வேறு வழிகள் ஒரே நிறத்தில் வந்து முடிகின்றன. ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வொன்று இன்னும் ஒரு படி மேலே போனது. 15 முதல் 41 வாரம் வரையிலான 240 கருக்களை ஸ்கேனில் பொறுமையாகக் கவனித்து, கருப்பைக்குள் மலம் கழிப்பது இயல்பான செயல்தான் என்றது. அப்படியானால் எல்லாப் பிரசவத்திலும் தண்ணீர் பச்சையாக இருக்க வேண்டாமா என்று கேட்கலாம். நிறைமாதக் குழந்தை நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பனிக்குடநீரை விழுங்கி, சிறுநீராகத் திருப்பி விடுகிறது. தண்ணீர் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கிறது. எனவே பனிக்குடம் உடையும்போது நாம் பார்க்கும் நிறம், கழித்ததற்கும் விழுங்கித் துப்புரவானதற்கும் இடையே அந்த நேரத்தில் மிஞ்சிய இருப்பு மட்டுமே. அது நேற்றைய கணக்கா, பத்து நிமிடத்துக்கு முந்தைய கணக்கா என்பதை நிறம் சொல்லாது.

பிரசவ வலி வருவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் கர்ப்பிணிகள் அதிகம் கேட்பது. ஸ்கேனில் தண்ணீரின் அளவு தெரியும்; அதில் என்ன கலந்திருக்கிறது என்பது நம்பும்படி தெரியாது. நிறைமாதத்தில் பனிக்குடநீருக்குள் மிதக்கும் வெண்மெழுகுத் துணுக்குகளும் ஸ்கேனில் புள்ளிபுள்ளியாகத்தான் தெரியும். அதைப் பார்த்து மலம் என்று முடிவுகட்டிச் செய்த அறுவை சிகிச்சையில் தெளிந்த தண்ணீர் வந்தால் வியப்படைய ஒன்றுமில்லை. 1960-களின் தொடக்கத்தில் பெர்லினில் எரிக் சாலிங் என்ற மருத்துவர் கருப்பை வாய் வழியாக ஒரு குழலைச் செலுத்தி, உடையாத பனிக்குடத்தின் மீது ஒளி பாய்ச்சி நிறத்தைப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். புத்திசாலித்தனமான முறைதான், ஆனால் குழந்தையின் தலைக்கு முன்னால் தேங்கியிருக்கும் சிறிதளவு தண்ணீர் மட்டுமே அதில் கண்ணுக்குப் படும். ஊசி குத்தித் தண்ணீரை எடுத்து ஒளியியல் கருவியில் வைக்கும் வழியும் உண்டு. நியூசிலாந்தின் லைலி 1961-இல், ரத்தப் பிரிவு ஒவ்வாமையால் பாதிக்கப்பட்ட கருக்களுக்காக, 450 நானோமீட்டர் அலைநீளத்தில் பனிக்குடநீர் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்த்து பிலிருபினை மதிப்பிட்டார். அங்கே காட்டுப்பீ கலந்த மாதிரி ஒரு தொல்லை. சற்றுக் குறைந்த அலைநீளத்தில் அதுவும் ஒளியை உறிஞ்சி அளவீட்டைக் கெடுக்கும். அப்படியானால் அதைக் கொண்டே காட்டுப்பீயை அளக்கலாமே? அளக்கலாம். ஆனால் கருவிலுள்ள குழந்தையைச் சுற்றி ஊசி குத்தும் ஆபத்தை ஏற்பதற்கு, வரும் எண் நம் முடிவை மாற்றுவதாக இருக்க வேண்டும். அது மாற்றவில்லை என்பதால்தான் இந்த வழி நடைமுறையில் தேய்ந்துபோனது.

பனிக்குடம் உடைந்த பிறகு தண்ணீர் கைக்குக் கிடைத்துவிடுகிறது, ஊசி தேவையில்லை. ஒரு மருத்துவர் கெட்டி என்பதை இன்னொருவர் நடுத்தரம் என்பார், இதற்கு ஒரு எண் கொடுத்தால் சண்டை தீருமே என்ற எண்ணத்தில் 1990 வாக்கில் அமெரிக்காவில் ஒரு முறை முன்வைக்கப்பட்டது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதத்தைக் காண்பதுபோலவே, பனிக்குடநீரை மெல்லிய குழலில் ஊற்றி வேகமாகச் சுழற்றி, அடியில் படிந்த திடப்பொருள் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது. பத்துக்குக் கீழே இருந்தால் நீர்த்தது, பத்திலிருந்து முப்பது வரை நடுத்தரம், முப்பதுக்கு மேல் கெட்டி. கருவி மலிவு, நிமிடங்களில் முடிவு. அப்படியும் அது பிரசவ அறைகளில் நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டே, இந்தச் சதவீதத்தைப் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தின் அமிலத்தன்மையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒன்றை வைத்து மற்றதைச் சொல்ல முடியவில்லை.

காரணத்தைத் தேடினால், அளவீட்டின் அடிப்படையிலேயே ஒரு ஓட்டை இருப்பது தெரியும். ஒரே அளவு டிகாஷனை அரை டம்ளர் பாலில் கலந்தால் ஒரு நிறம், இரண்டு டம்ளரில் கலந்தால் வேறு நிறம். பனிக்குடநீர் எட்டாம் மாதத்தின் இறுதியில் ஏறக்குறைய முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை இருந்து, அதன் பிறகு குறையத் தொடங்குகிறது. தேதி தாண்டிய கர்ப்பத்தில் பாதியாகக்கூடச் சுருங்கும். கெட்டி என்ற முடிவு மலம் அதிகம் என்பதைச் சொல்கிறதா, தண்ணீர் குறைவு என்பதைச் சொல்கிறதா என்று பிரிக்க முடியாது. தண்ணீர் குறைவு என்பதே நஞ்சுக்கொடி தளர்வதற்கான குறிப்பாக இருக்கலாம். அப்போது கெட்டித்தன்மையில் நாம் எதற்கு அஞ்சுகிறோமோ அதன் காரணம் மலமே அல்லாமல் போகலாம். அடுத்தது மாதிரி எடுக்கும் சிக்கல். குழந்தையின் தலை இடுப்பெலும்பில் இறங்கி அடைத்துக்கொண்டால், முன்னால் உள்ள தண்ணீர் தெளிவாகவும் பின்னால் உள்ளது பச்சையாகவும் இருக்க முடியும். தெளிந்த தண்ணீரைப் பார்த்து நிம்மதியடைந்த பிறகு, தலை வெளியே வந்ததும் பின்னாலிருந்து பச்சை கொட்டுவது பிரசவம் பார்ப்பவர்களுக்குப் புதிதல்ல. எடுக்கும் இடத்தைப் பொறுத்து மாறும் ஒரு பொருளுக்குத் தசமப் புள்ளி வரை எண் கொடுப்பதால் அது துல்லியமாகிவிடாது.

கெட்டியான மலம் கலந்த பிரசவங்களில் குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம் என்று எத்தனையோ ஆய்வுகள் காட்டியிருக்கின்றனவே, அதை எப்படி ஒதுக்க முடியும் என்ற மறுப்பு இங்கே எழும். ஒதுக்க முடியாது, ஒதுக்கவும் கூடாது. பச்சைத் தண்ணீரோடு பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேருக்கு, அது நுரையீரலுக்குள் போனதோடு சேர்ந்த கடுமையான மூச்சுத் தொல்லை வருகிறது. கெட்டியாக இருந்தால் வாய்ப்பு கூடுகிறது. காட்டுப்பீ சிறு மூச்சுக்குழல்களை அடைக்கும், நுரையீரலைச் சுருங்கிவிடாமல் தாங்கும் மெல்லிய படலத்தைச் செயலிழக்கச் செய்யும், அழற்சியைத் தூண்டும். ஆனால் கருவிலேயே மூச்சுத் தவித்து ஆழமாக இழுக்கும் குழந்தைதான் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. 2001-இல் கிடினி, ஸ்பாங் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், இந்த நோயின் கடுமையான வடிவத்துக்குக் காரணம் காட்டுப்பீ உள்ளே போனதே அல்ல என்று தங்கள் கட்டுரைக்குத் தலைப்பிட்டார்கள். நாட்பட்ட ஆக்சிஜன் குறைவு, தொற்று, நுரையீரல் ரத்தக்குழாய்களின் மாற்றம் ஆகியவையே அடிப்படை என்பது அவர்கள் வாதம். அவர்கள் சற்று அதிகமாகவே சொல்லிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது; அந்தப் பொருளும் தன் பங்குக்குக் கேடு செய்கிறது. ஆனாலும் திசை சரி. நோயின் கடுமையைத் தீர்மானிப்பது தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்பதே.

பொருளைக் குறிவைத்த சிகிச்சைகளின் வரலாறு இதை இன்னும் தெளிவாகக் காட்டும். உள்ளே போகும் மலத்தை வெளியே எடுத்துவிட்டால் நோய் வராது என்பது யாருக்கும் தோன்றும் தர்க்கம். 1976-இல் கொலராடோவிலிருந்து வந்த ஓர் ஆய்வுக்குப் பிறகு, தலை வெளியே வந்ததும் தோள் வருவதற்கு முன்பே வாயையும் மூக்கையும் உறிஞ்சுவது உலக வழக்கமானது. 2004-இல் லான்செட்டில் வெளியான, 2514 குழந்தைகளை உட்படுத்திய பன்னாட்டு ஆய்வில் அந்த உறிஞ்சலால் எந்தப் பயனும் தென்படவில்லை. சுறுசுறுப்பாக அழும் குழந்தைக்குக் குழாய் விட்டு மூச்சுக்குழலை உறிஞ்சுவதும் வீண் என்று 2000-இல் 2094 குழந்தைகளை வைத்து நிறுவப்பட்டிருந்தது. கருப்பைக்குள் உப்புநீர் செலுத்தித் தண்ணீரை நீர்க்கச் செய்யும் முறையும் 2005-இல் ஏறக்குறைய 2000 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில் கைகொடுக்கவில்லை. அழாமல் துவண்டு பிறக்கும் குழந்தைக்காவது உறிஞ்ச வேண்டாமா என்ற கடைசிக் கேள்விக்கு விடை தேடியதில் நம் பக்கத்து மருத்துவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. புதுச்சேரி ஜிப்மரில் அப்படிப்பட்ட 122 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். உறிஞ்சியவர்களுக்கும் உறிஞ்சாமல் நேராகச் செயற்கை மூச்சு கொடுத்தவர்களுக்கும் வேறுபாடு இல்லை. டெல்லியில் 175 குழந்தைகளிடம் நடந்த ஆய்வும் அதையே சொன்னது. 2015-இல் உலக வழிகாட்டுதல்கள் மாறின: உறிஞ்சுவதில் வினாடிகளைத் தொலைக்காதே, மூச்சு கொடு. நாற்பது ஆண்டுகள் மலத்தின் பின்னால் ஓடிய மருத்துவம் கடைசியில் குழந்தையின் மூச்சுக்குத் திரும்பியது.

அப்படியானால் நிறத்தைக் குறிக்கவே வேண்டாமா? வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பிரசவக் கவனிப்புத் தாளில் பனிக்குடநீருக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. பனிக்குடம் உடையாதது, தெளிந்தது, காட்டுப்பீ ஒரு கூட்டல், இரண்டு கூட்டல், மூன்று கூட்டல், ரத்தம் என்று குறிப்பார்கள். மூன்று கூட்டலும் ரத்தமும் எச்சரிக்கைக் குறிகள். கண்ணால் பார்க்கும் இந்தப் பச்சையான வகைப்பாடே போதும், ஏனென்றால் அது செய்யச் சொல்வது ஒன்றுதான்: இனி கூடுதலாகக் கவனி. கவனிக்க வேண்டியது குழந்தையின் இதயத்துடிப்பை. அதே தாளில், பிரசவத்தின் முதல் கட்டத்தில் அரை மணிக்கு ஒருமுறையும், குழந்தை இறங்கும் கட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையும் துடிப்பைக் கேட்கச் சொல்லியிருக்கிறது. 110-க்குக் குறைந்தாலோ 160-ஐத் தொட்டாலோ எச்சரிக்கை. கையடக்க டாப்ளர் கருவி பெரிய செலவில்லை. இல்லாத ஒன்று, ஒரே நேரத்தில் நான்கைந்து பேருக்கு வலி வந்திருக்கும் இரவில் ஒவ்வொருவர் வயிற்றிலும் அதை வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணும் ஆள். காட்டுப்பீயை அளக்கும் இயந்திரம் ஒன்றை யாராவது விற்க வந்தால், அந்தப் பணத்துக்கு இரவு ஷிப்டில் எத்தனை செவிலியர் கிடைப்பார்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

பச்சை தெரிந்ததுமே சிசேரியன் செய்துவிட்டால் என்ன என்பது அடுத்த வாதம். பயந்துபோன குடும்பத்துக்கும், நாளை பழி வரக் கூடாது என்று நினைக்கும் மருத்துவருக்கும் அது ஒரே நேரத்தில் நிம்மதி தருவது. தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவை சிகிச்சையில் முடிகின்றன, தனியாரில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் மொத்தம் 31.5. இத்தனைக்குப் பிறகும் பச்சையைக் கண்டு கத்தி எடுப்பதற்கு ஆதாரம் பலவீனமானது. துடிப்பு சீராக இருக்கும் குழந்தைக்கு நீர்த்த பச்சை பெரும்பாலும் முதிர்ச்சியின் அடையாளம். துடிப்பு கெட்ட குழந்தைக்குத் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் அவசரம். கடுமையான பாதிப்பு ஏற்கெனவே கருவில் நடந்துவிட்டிருந்தால் அதை வயிற்றைக் கிழித்துத் திருப்பி எடுக்க முடியாது. தாய்க்கு ஏற்படும் தழும்போ அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி அதில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தைக் கூட்டுகிறது. கெட்டியான பச்சையோடு துடிப்பும் குறைகிறது என்றால் அறுவை சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது. அங்கே முடிவைத் தருவது துடிப்பு.

பிறந்த பிறகான முதல் நிமிடத்தில் முகமூடியும் பலூன் பையும் கொண்டு மூச்சு கொடுக்கத் தெரிந்த கை பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு நிபுணர் தேவையில்லை, பயிற்சி போதும். 2009 முதல் மத்திய அரசின் திட்டம் ஒன்று இதைச் செவிலியர்களுக்குக் கற்றுத் தருகிறது. அதற்கடுத்த சில மணி நேரங்களுக்கு, மூக்கு வழியாகத் தொடர் அழுத்தத்தில் காற்று செலுத்தும் சிபாப் கருவி. இந்திய மருத்துவமனைகளில் இந்த நோயுள்ள 135 குழந்தைகளிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், வெறும் ஆக்சிஜன் கொடுத்தவர்களில் 25 சதவீதத்தினருக்கு வென்டிலேட்டர் தேவைப்பட்டது. சிபாப் கொடுத்தவர்களில் 3 சதவீதத்தினருக்குத்தான். இதைப் படிக்கும்போது ஓசூர் நினைவுக்கு வராமல் இருக்காது. பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான் என்ற நம்பிக்கையில் இங்கே பலர் வாழ்கிறார்கள். அத்திப்பள்ளி சுங்கச்சாவடியையும் பொம்மசந்திராவையும் தாண்டும் நெரிசல் வேளையில் அந்த நாற்பது எத்தனை நிமிடம் என்று ஷிப்ட் பேருந்தில் போகிறவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். நல்ல மருத்துவமனை அருகில் இருப்பது நன்மைதான். ஆனால் மூச்சுத் திணறும் பச்சிளங்குழந்தைக்கு முதல் ஒரு மணி நேரச் சிகிச்சை ஆம்புலன்சில் அல்ல, பிறந்த இடத்திலேயே தொடங்க வேண்டும். தாய் வயிற்றில் இருக்கும்போதே மாற்றுவது, பிறந்த பிறகு மாற்றுவதைவிடப் பெரும்பாலும் பாதுகாப்பானது.

இது தொழிற்சாலைப் பகுதி, சிப்காட் புகையும் ரசாயனமும் உள்ள ஊர், இங்கேயாவது காட்டுப்பீயை அளக்க வேண்டாமா என்று ஒருவர் கேட்டால் அவரிடம் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. எவ்வளவு என்று அளப்பதில் பயனில்லை; அதற்குள் என்ன இருக்கிறது என்று அளப்பது வேறு விஷயம். நான்காம் மாதம் முதல் பிறக்கும் வரை தாயின் உடல் வழியாக வந்தவற்றில் பல அதில் அடுக்கடுக்காகச் சேர்ந்துவிடுகின்றன. ரத்தத்தைப்போல் சில நாளில் கழுவிப்போவதில்லை. என்ரிக்கே ஆஸ்ட்ரியா என்ற குழந்தை மருத்துவர் 1989-இல் போதைப்பொருள் சோதனைக்கு இதைப் பயன்படுத்தினார். பின்னர் அவர் குழு பிலிப்பைன்சின் புலாகான் மாகாணத்தில் தாய்-சேய் இருவரின் ரத்தம், முடி, காட்டுப்பீ எல்லாவற்றையும் ஒப்பிட்டபோது, புரொபாக்சர் என்ற பூச்சிக்கொல்லி காட்டுப்பீயில்தான் அதிகம் அகப்பட்டது. ஓசூரைச் சுற்றித் தளி, பாகலூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் ரோஜாத் தோட்டங்கள். கிருஷ்ணகிரி நெடுகிலும் மாந்தோப்புகள். மருந்து தெளித்த குடிலுக்குள் பூப்பறிக்கும் கைகளில் பெண்களின் கைகள் நிறைய. அவர்கள் பெற்ற குழந்தைகளின் முதல் நாள் துணியிலிருந்து எடுத்த மாதிரி, யாரையும் ஊசியால் குத்தாமல், ஒரு பகுதியின் வேலைச்சூழலைப் பற்றி நிறையச் சொல்லும். ஆனால் அது பொதுச் சுகாதார ஆய்வு; பிரசவ வலியில் இருக்கும் பெண்ணுக்கு அன்றைக்கு எந்த முடிவையும் தராது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கர்ப்ப காலத்தில் உண்மையிலேயே அளந்து வைக்க வேண்டிய எண்ணுக்கு வருகிறேன்: கருவின் வயது. பச்சைத் தண்ணீரின் வாய்ப்பு 41, 42 என்று வாரம் ஏற ஏறக் கூடுகிறது. நஞ்சுக்கொடி தளர்வதும் தண்ணீர் குறைவதும் அதே வாரங்களில்தான். ஸ்வீடனில் 2760 பெண்களிடம், 41 வாரத்தில் வலி வரவழைப்பது ஒரு பக்கம், 42 வரை காத்திருப்பது மறுபக்கம் என்று நடந்த ஆய்வை, காத்திருந்தவர்கள் பக்கம் ஆறு குழந்தைகள் இறந்து மறுபக்கம் ஒன்றும் இறக்காத நிலையில், பாதியில் நிறுத்தினார்கள். அது 2019-இல் வெளியானது. 41 வாரம் முடிந்தவர்களுக்கு வலி வரவழைக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால் 41 என்பது எந்த நாளிலிருந்து எண்ணியது? கடைசி மாதவிலக்குத் தேதி பலருக்கு நினைவிருக்காது. முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன், கருவின் தலை முதல் பிட்டம் வரையான நீளத்தை வைத்து வயதை ஐந்து முதல் ஏழு நாள் பிசகுக்குள் சொல்லிவிடும். எட்டு, ஒன்பதாம் மாத ஸ்கேனில் பிசகு மூன்று வாரம் வரை போகும். அந்த மூன்று வாரத்துக்குள் 39-ம் இருக்கிறது, 42-ம் இருக்கிறது. ஒருவருக்குத் தேவையில்லாமல் டிரிப்ஸ் ஏறும், இன்னொருவருக்கு ஏற வேண்டியது ஏறாது.

இந்தத் தேதி தொலைவதற்கு ஓசூரைப்போல வாய்ப்பான ஊர் தமிழ்நாட்டில் குறைவு. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் குடும்பத்தோடு வந்து தொழிற்பேட்டைகளைச் சுற்றி வாடகை அறைகளில் தங்கும் பெண்கள், முதல் ஸ்கேனைச் சொந்த ஊரில் எடுத்திருப்பார்கள், அல்லது எடுக்கவே இல்லாமல் ஆறாம் மாதத்தில் இங்கே முதன்முறையாகப் பதிவு செய்வார்கள். உள்ளூர்க் குடும்பங்களிலும் எல்லை குறுக்கே ஓடுகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் புழங்கும் இந்தப் பக்கத்தில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் மாநிலம் பார்த்து நடப்பதில்லை. ஜூஜுவாடியில் வாழ்க்கைப்பட்டவர் வளைகாப்பு முடிந்ததும் ஆனேக்கல் பக்கத்துத் தாய்வீட்டுக்குப் போவார். கர்ப்பப் பதிவுக்கு அங்கே கேட்பது கர்நாடகத்தின் தாயி கார்டு, இங்கே பதிந்தது தமிழ்நாட்டின் பிக்மி எண். இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று அறியாவிட்டால், முதல் ஸ்கேன் தேதி கையில் இருக்கும் காகிதத்தைப் பொறுத்தே உயிர் வாழ்கிறது. இதற்கு மாநில அரசுகளின் ஒப்பந்தத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பத்தாம் வாரத்தை ஒட்டி எடுத்த ஸ்கேன் தேதி, அதன்படி 41 வாரம் முடியும் நாள் ஆகிய இரண்டையும் கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணியின் அட்டை முகப்பில் பெரிய எண்களில் எழுதிவிடலாம். எண்களுக்கு எழுத்து மொழி தேவையில்லை; அத்திப்பள்ளியில் இருக்கும் கன்னடம் மட்டும் தெரிந்த செவிலியரும், ராஞ்சியிலிருந்து வந்து தமிழ் படிக்கத் தெரியாத கணவரும் அதைப் படித்துவிடுவார்கள். அந்த நாள் நெருங்கியும் வலி வராதவர்களை மருத்துவமனைக்கு வரச்சொல்வது, எத்தனையோ பிரசவங்களில் பச்சை தென்படுவதற்கு முன்பே எடுக்கக்கூடிய நடவடிக்கை.